ஒன்பது சுற்று

பிரிக்பீல்ட்ஸ்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள பஞ்சவர்ணம் அக்காவுக்கு,

தம்பி சுகுமாறன் எழுதும் கடிதம். இங்கே நானும் சீதாலெட்சுமியும் பூக்கடையும் கடை வாசலில் படுத்திருக்கும் நாயும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல், கிள்ளான் பக்கம் வரும் யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

இங்கிருந்து கிள்ளானுக்கு ஒரு மணி நேர ரயில், இருவர் கையிலும் போன் இருக்கிறது, இவன் எதற்கு ஸ்டாம்பு ஒட்டி எழுதுகிறான் என்று யோசிப்பாய். சொல்கிறேன், திட்டாமல் படி. தைப்பூசத்துக்கு முந்தின நாள் நீ ஒரு வீடியோ அனுப்பினாய் அல்லவா? மாலை வாங்க வந்த கூட்டம் கடையை முட்டிக்கொண்டு நிற்கிறது. என் கையில் பாதி கட்டிய சாமந்தி மாலை. போனைத் திறந்தால் என் கூடப் பிறந்தவள், ஐம்பத்து நான்கு வயதுக்காரி, தலைக்கு மேல் ஒரு பெரிய துணியை விரித்துக்கொண்டு குன்றின் மேலிருந்து ஓடி வந்து அப்படியே காலை எடுத்துவிட்டாள். கீழே நிலமே இல்லை. "அங்கிள், மாலை ஆச்சா?" என்று ஒரு பெண் மூன்று தடவை கேட்டாளாம். எனக்குக் காது கேட்கவில்லை.

தைப்பூசம் முடிந்த மறுநாள் நம் தெருக் கோவிலில் கற்பூரம் ஏற்றி, அதன் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டேன். அக்கா பறப்பதை விடும்வரை அக்காவோடு பேச மாட்டேன். போன், வாட்ஸ்அப் எல்லாம் பேச்சில் சேரும். கடிதத்தைப் பற்றிச் சாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். "நல்லா இருக்கு லா உங்க சத்தியம்," என்று சீதா தலையில் அடித்துக்கொண்டாள்.

நீயும் சிரிப்பாய். நமக்கு நடுவில் பிறந்த பரமேஸ்வரன் அண்ணனை நினைத்துக்கொண்டு சிரி. இருபத்திரண்டு வயதில் நெடுஞ்சாலையில் மோட்டார் பந்தயம் ஓட்டப் போனவனை வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசித் தடுக்கப் பார்த்தவன் நான். பேச்சு பலிக்கவில்லை. இந்தத் தடவை பேசாமல் தடுத்துப் பார்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே.

உன் தம்பி
சுகுமாறன்

•

கிள்ளான்
25 பிப்ரவரி 2025

என் பேசாத தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நானும் வீடும் நலம். தைலம் வேண்டாம். முழங்கால் இப்போதெல்லாம் வலிப்பதில்லை. காரணத்தைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், குன்று ஏறி ஏறிச் சரியாகிவிட்டது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். பரமுவைப் பற்றி எழுதிய இடத்தை மறுபடி படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நான் அவனை மறந்துவிட்டுப் போகவில்லை சுகு. அவன் தலைக்கவசம்கூடப் போடாமல் போனான். நான் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டுதான் போகிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. இருபத்தாறு வருடம் ஸ்கூல் வேன் ஓட்டினேன். என் வீட்டுக்காரர் காலமான பிறகும் ஓட்டினேன். போன வருடம் விடுமுறையில் சில இளைஞர்கள் பந்திங் பக்கம் உள்ள குன்றுக்கு வேன் வாடகைக்குக் கேட்டார்கள். கொண்டுபோய் விட்டுவிட்டுக் கீழே நிழலில் உட்கார்ந்திருந்தேன். அங்கே பறக்கக் கற்றுக்கொடுப்பவர் அமானுல்லா என்று நம் தமிழ்ப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். "சும்மாதான உட்கார்ந்திருக்கீங்க அக்கா, என்கூட ஒரு ரவுண்டு வாங்க," என்றார். அவரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பறந்தேன். இறங்கினதும் நான் கேட்ட முதல் கேள்வி, தனியாகப் பறக்க எத்தனை மாதம் படிக்க வேண்டும் என்பதுதான்.

பாதுகாப்புக்கு ஒரு குறையும் இல்லை. இறக்கைக்கு ஏதாவது ஆனால் அவசரத்துக்கு இன்னொரு பாராசூட், ரிசர்வ் என்பார்கள், அது உட்காரும் பட்டைக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறது. ஆகவே வீணாகக் கவலைப்படாதே. சத்தியத்தை மரியாதையாகத் திரும்ப வாங்கிக்கொள்.

சீதாவுக்கு என் அன்பு. அவளாவது என்னோடு பேசுகிறாள்.

அக்கா

•

பிரிக்பீல்ட்ஸ்
24 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எல்லாரும் நலம். எனக்கு மட்டும் தூக்கம் சரியில்லை. அதற்கு மருந்து உன்னிடம்தான் இருக்கிறது.

சத்தியத்தைத் திரும்ப வாங்க முடியாது. அது என்ன கடையில் வாங்கின சட்டையா? ஆனால் சில சந்தேகங்கள். பறப்பதற்கு முன் சாப்பிடுகிறாயா? தலை சுற்றினால் யார் பிடிப்பார்கள்? கழுகு வந்து மோதினால் என்ன செய்வாய்? அந்த இன்னொரு பாராசூட் என்கிறாயே, அது எப்படித் திறக்கும்? தானாகவே திறந்துகொள்ளுமா?

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உன்னைச் சுற்றி எத்தனை கயிறு, எத்தனை வார், எல்லாம் லொடலொடவென்று ஆடுகிறது. எனக்கு அதைப் பார்க்கவே கை பரபரக்கிறது. நான் கட்டின மாலையை லோரியின் முன்னால் கட்டி ஈப்போ வரை ஓட்டினாலும் ஒரு பூ உதிராது, உனக்குத் தெரியும். என் முடிச்சு இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. உன் பாராசூட் கம்பெனிக்காரனுக்கு முடிச்சுப் போடவே தெரியாது போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுகுமாறன்

•

கிள்ளான்
6 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு அமானுல்லா வீட்டுக்குப் போய்வந்தேன். அவர் அம்மா உனக்கும் ஒரு டின் பிஸ்கட் கொடுத்தார். "பேசாத தம்பிக்கு" என்று சொல்லியே கொடுத்தார். உன் புகழ் பந்திங் வரை பரவிவிட்டது.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். அரை வயிறு சாப்பிடுகிறேன். தலை சுற்றுவதில்லை. கழுகு மோதாது. போன ஞாயிறு ஒன்று என் பக்கத்திலேயே வந்து, இது என்ன பிராணி என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு விலகிப் போனது.

எப்படி இருக்கும் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்கிறேன். பஸ்ஸைத் தவறவிட்டவள் ஓடுவாளே, அப்படி ஓட வேண்டும். நாலு எட்டு. ஐந்தாவது எட்டுக்கு நிலம் இருக்காது. பிறகு சத்தம் எல்லாம் நின்றுவிடும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, கீழே எண்ணெய்த் தோட்டத்துச் செம்பனை மரங்கள் வரிசை பிசகாமல் நிற்கும். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு தடவையும் வாய் உலர்ந்துபோகிறது. அந்தப் பயத்தோடு ஓடி, அது குன்றிலேயே நின்றுவிட நான் மட்டும் போவதில்தான் ருசி இருக்கிறது.

இன்னொன்று. இருபத்தாறு வருடம் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே ஓட்டினேன். எந்தப் பிள்ளை யாரை அடிக்கிறது, எது வாந்தி எடுக்கப் போகிறது, எது தூங்கி விழுகிறது. மேலே போனால் எனக்குப் பின்னால் யாரும் இல்லை. முதல் நாள் அது தெரிந்தபோது வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஜூன் பன்னிரண்டு பரமுவின் திதி. வழக்கம்போல் வந்துவிடு. பேச வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா

•

கிள்ளான்
16 ஜூன் 2025

அன்புள்ள சுகுவுக்கு,

ஏப்ரலில் எழுதியதற்குப் பதிலே வரவில்லை. பதிலுக்கு நீயே வந்தாய், அது போதும். பரமு படத்துக்கு நீ கட்டி வந்த மாலை இன்னும் வாடவில்லை. முகம் மட்டும் தெரியும்படி எப்படித்தான் அளவு பிடித்தாயோ.

ஆனாலும் உனக்கு நெஞ்சழுத்தம் அதிகம். நான் ரசச் சட்டியோடு உன் இலைக்கு எதிரில் நிற்கிறேன். நீ சீதாவைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு," என்கிறாய். அவள் என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தணுமாம்," என்கிறாள். ஐந்து மணி நேரம் இப்படி ஓட்டினாய். கிளம்பும்போதாவது ஒரு தடவை 'அக்கா' என்று வாய் வரும் என்று வாசல் கேட் வரை கூடவே வந்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாய்.

சாப்பிட்ட பிறகு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் இருந்தாயே, பரமுவை நினைத்து அழுகிறாய் என்று நான் தட்டவில்லை.

வரும் ஞாயிறு குன்றுக்குப் போகிறேன். உனக்குத் தெரியாமல் எதையும் செய்வதில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

சீதாவிடம் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அக்கா

•

[பூ ஆர்டர் சீட்டின் பின்பக்கம்]

கிள்ளான், மருத்துவமனை
23 ஜூன் 2025

அக்கா,

உன் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கண்ணைத் திறந்து பார்க்கிறாய், நான் சீட்டில் கிறுக்குகிறேன். நர்ஸ் எனக்குப் பேச வராது என்று நினைத்துக் கையால் சைகை காட்டுகிறார்.

கணுக்கால் உடைந்திருக்கிறது, விலாவில் இரண்டு எலும்பு. டாக்டர் சீதாவிடம் சொன்னார். மற்றபடி ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆரஞ்சு உரித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சாப்பிடு. நான் எங்கும் போகவில்லை.

சுகு

•

கிள்ளான்
14 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். கால் மாவுக்கட்டில் இருக்கிறது. இருமினால் விலா வலிக்கிறது, அதனால் இருமுவதில்லை. நீயும் சீதாவும் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருங்கள், இந்த மூன்று வாரத்தில் இரண்டு பேரும் பாதியாகிவிட்டீர்கள்.

நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லத் தொடங்கினால் யாரை விடுவது என்று தெரியவில்லை. அன்று மதியம் சூடான காற்று மேலே கிளம்பியதில் இறக்கையின் ஒரு பக்கம் மடங்கிச் சுருண்டுவிட்டது. நான் சுற்ற ஆரம்பித்தேன். வானம், செம்பனை, வானம், செம்பனை. என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன், அதை விவரமாக எழுத இப்போது மனம் இல்லை. மரத்தின் தலைக்கு வந்துவிட்ட நேரத்தில் இறக்கை மறுபடி விரிந்துகொண்டது. எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மட்டைகளுக்குள் விழுந்தேன். அந்தச் செம்பனை மரத்துக்கு முதல் நன்றி.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற கன்னையா அண்ணன்தான் முதலில் ஓடி வந்தவர். லோரியை மரத்தடிக்குக் கொண்டுவந்து, அதன் மேல் ஏறி நின்று, நீளக் கழியில் கட்டிய அரிவாளால் மட்டையை ஒவ்வொன்றாக அறுத்து என்னை இறக்கினார். இறக்கும்வரை "பயப்படாதம்மா, பயப்படாதம்மா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார். அமானுல்லா ஆம்புலன்ஸில் என் கூடவே வந்தார். நர்ஸுகள், டாக்டர், மீன் குழம்பு கொண்டுவந்த சீதா, ஒன்பது நாள் ஆரஞ்சு உரித்த நீ. எல்லாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நீ ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாய். ஆனால் நான் தூங்குகிறேன் என்று நினைத்து என் காலைத் தொட்டுப் பார்த்தாய். தூங்கவில்லை.

அக்கா

•

பிரிக்பீல்ட்ஸ்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இரண்டு நாளாக உடம்பும் மனசும் லேசாக இருக்கிறது. சீதாவும் நலம். இறக்கை எப்படி விரிந்தது என்று தெரியாது என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும்.

இத்தனை நாள் மறைத்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். திதியன்று உள்ளறையில் நான் அழவில்லை. உன் பறக்கும் பை அங்கேதான் இருந்தது. கோவிலில் பூஜை போட்டு வாங்கின மஞ்சள் காப்புக் கயிறு என் சட்டைப் பையில் இருந்தது. பையைத் திறந்து அந்த உட்காரும் பட்டையை வெளியே எடுத்தேன். அதன் வலப்பக்கம் சிவப்பாக ஒரு பிடி இருந்தது. லேசாக ஒட்டிக்கொண்டு, தொட்டால் ஆடியது. உயரத்தில் அக்கா பிடித்துக்கொள்ளும் பிடி இதுதான் போலிருக்கிறது, இது கழன்று விழுந்தால் என்ன ஆவது என்று எனக்குப் பகீரென்றது. சாமி பேரைச் சொல்லி அந்தப் பிடியையும் பக்கத்து வாரையும் சேர்த்து ஒன்பது சுற்றுச் சுற்றி, மாலைக்குப் போடுகிற முடிச்சையே போட்டேன். பத்துப் பேர் இழுத்தாலும் அசையாது.

பத்து நாளில் நீ விழுந்தாய், பிழைத்தாய். அந்தக் கயிறுதான் அக்கா உன்னைக் காத்தது. மருத்துவமனையிலேயே இதை எழுதிக் காட்ட வேண்டும் என்று துடித்தேன், நேர்த்திக்கடனை முடிக்காமல் சொல்லக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். நேற்று அபிஷேகம் முடித்துவிட்டேன். கடையிலிருந்த பூ முழுவதையும் சாமிக்கே கொடுத்துவிட்டேன். மனசு நிறைந்துவிட்டது.

இதோடு இன்னும் ஒன்பது கயிறு வைத்திருக்கிறேன். வீட்டில், வேனில், கட்டிலில், எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள். நீ அதைக் கவனித்தாயா? மேலே இருக்கும்போது என் கயிற்றைப் பார்த்தாயா?

உன் தம்பி
சுகு

•

கிள்ளான்
30 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி,

பதில் தாமதமாகிவிட்டது. கை நன்றாகத்தான் இருக்கிறது, எழுதத்தான் வரவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் மெலிந்து யாருடைய காலோபோல் இருக்கிறது. ஒரு கழியோடு வாசல் வரை நடக்கிறேன். நாளை சுதந்திர தினம் என்று எங்கள் தாமான் வீடுகள் முழுக்கக் கொடி கட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு இராஜம்மா தினமும் காலையில் இடியப்பம் கொடுத்துவிடுகிறார். சாயங்காலம் மழை.

கயிறுகள் வந்து சேர்ந்தன. சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நீ என் மேல் வைத்திருக்கும் அன்பு எனக்குத் தெரியும். அதை எப்போதும் நினைவில் வை.

அக்கா

•

பிரிக்பீல்ட்ஸ்
15 செப்டம்பர் 2025

அக்கா,

நலம் விசாரிக்க வாய் கூசுகிறது.

நேற்று நான் குன்றுக்குப் போயிருந்தேன். உன் கடைசிக் கடிதம் ஏதோ மாதிரி இருந்தது. என் நன்றியை நேரில் போய்ச் சொன்னால் உனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பெரிய மாலை கட்டிக்கொண்டு போனேன். ஒன்றைக் கன்னையா அண்ணனுக்குப் போட்டேன். மற்றதை அவர் லோரிக்குப் போட்டேன். "சாமி ஊர்வல லோரி மாதிரி ஆக்கிட்டீங்களே," என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க அக்காவுக்குப் பிடி ரொம்பக் கெட்டி லா. மரத்துல இருந்து இறக்குறப்ப கூட அந்தச் சிவப்புப் பிடிய விடல. விரல ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தோம்."

எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. அந்த நிமிடம் வரை பெருமையாக இருந்தது. அமானுல்லாவிடம் போய், "அந்தப் பிடியைக் கட்டினது நான்தான் தம்பி," என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நான் விடவில்லை. அந்தப் பிடி எதற்கு, காட்டுங்கள் என்றேன். இன்னொரு பட்டையை எடுத்து வந்து புல்லில் வைத்தார். "இது ரிசர்வ் பிடி அங்கிள். இறக்க மடங்கிட்டா இத இழுக்கணும். இழுத்தா இன்னொரு பாராசூட் வெளிய வரும்," என்று இழுத்துக் காட்டினார். இரண்டு விரலால் இழுத்தார். வந்துவிட்டது.

"கட்டியிருந்தா?" என்றேன்.

அவர் குனிந்து, வெளியே வந்த பாராசூட்டை மடிக்க ஆரம்பித்தார்.

நீ சுற்றிக்கொண்டு விழும்போது அதை இழுத்திருக்கிறாய். என் முடிச்சு இழுக்க இழுக்க இறுகியிருக்கிறது. உன் விரல் பிரியாமல் இருந்தது அதனால்தான். இதைத் தெரிந்துகொண்டு ரயிலில் எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அபிஷேகம் பண்ணினேனே அக்கா. ஊரெல்லாம் சொன்னேனே.

மருத்துவமனையில் உனக்குத் தெரியும். ஜூலையில் தெரியும். ஆகஸ்டில் தெரியும். ஏன் என்னிடம் சொல்லவில்லை? என்னைத் திட்டியிருக்கலாமே. கையை ஓங்கி இரண்டு அடி அடித்திருக்கலாமே. பூவைத் தொடவே பயமாக இருக்கிறது.

சுகுமாறன்

•

கிள்ளான்
19 செப்டம்பர் 2025

என் தங்கமே, சுகு,

சாப்பிட்டாயா? நீ நாலு நாளாகக் கடையைத் திறக்கவில்லை என்று சீதா போனில் சொன்னாள். முதலில் சாப்பிடு. சாப்பிட்ட பிறகு இதைப் படி.

நீ மனம் நொந்துபோவாய் என்று நான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அமானுல்லாவும் நேற்று வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நல்லவள் இல்லை உன் அக்கா.

அந்தக் கயிற்றைப் பறப்பதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

குன்றின் மேல் பையைத் திறந்து பட்டையை விரித்தபோது மஞ்சளாகத் தெரிந்தது. ஒன்பது சுற்று, கடைசியில் உன் முடிச்சு. யார் வேலை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளறையில் பத்து நிமிடம் நீ என்ன செய்தாய் என்று அப்போது விளங்கியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதமாக என்னை 'அக்கா' என்று கூப்பிடாதவன், கதவைச் சாத்திக்கொண்டு எனக்காகச் சாமி பேர் சொல்லிச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறான். கண்ணீர் வந்துவிட்டது.

அந்தப் பிடியில் எதுவும் படக்கூடாது என்பது நாங்கள் படிக்கிற முதல் பாடம். கயிறு அறுக்கும் கத்தி என் தோள் வாரிலேயே இருந்தது. இரண்டு நொடி வேலை. அறுக்க மனம் வரவில்லை சுகு. நாற்பத்தாறு தடவை பறந்ததில் ஒரு தடவைகூட அந்தப் பிடியைத் தொட்டதில்லை, இன்றைக்கு ஒருநாள் தம்பி கட்டிவிட்டதோடு போகலாம், இறங்கி வந்து பக்குவமாக அவிழ்த்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஓடுவதற்கு முன் அமானுல்லா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்பார். தலைக்கவசம், கால் வார், நெஞ்சு வார். "ரிசர்வ் ஓக்கேயா அக்கா?" என்று கேட்டார். நான் வலது கையை அதன் மேல் வைத்து மூடிக்கொண்டு, "ஓக்கே" என்றேன்.

நீ தெரியாமல் கட்டினாய். நான் தெரிந்தே பறந்தேன். அந்தப் பிள்ளையிடம் பொய்யும் சொன்னேன். இதை உன்னிடம் எப்படி எழுதுவேன்? காப்பு என்னைக் காத்தது என்று நீ குதித்துக்கொண்டு எழுதிய கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு நாற்பது நாள் படுத்திருந்தேன். மார்ச் மாதமே நீ கேட்டாய், அந்தப் பாராசூட் எப்படித் திறக்கும் என்று. கழுகைப் பற்றிப் பெரிதாக எழுதிவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டவள் நான்தான். ஒரு வரி எழுதியிருந்தால் நீ அதைத் தொட்டிருக்க மாட்டாய்.

அமானுல்லாவிடம் நேற்றே போனில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர், "உயிரோட சொல்றீங்களே அக்கா, அது போதும்," என்றார்.

இன்னொன்றும் சொல்கிறேன், நம்பு. மேலே சுற்றிக்கொண்டு அந்தப் பிடியை இரண்டு கையாலும் இழுத்தபோது உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறான் என்றுதான் தோன்றியது. செத்துப்போகிற பயத்திலும் அதுதான் தோன்றியது. இப்போது உயிரோடு இருக்கிறேன், அப்படிக் கட்டுகிற ஒருவன் எனக்குத் தம்பியாக இருக்கிறான். இரண்டுக்கும் தினமும் நன்றி சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன்.

இனிமேல் பறப்பதா வேண்டாமா என்பதை உன்னிடமே விடுகிறேன். வேண்டாம் என்று சொன்னால் இறக்கையை விற்றுவிடுவேன். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

கடையைத் திற. பூவைத் தொடு.

உன் அக்கா

•

பிரிக்பீல்ட்ஸ்
23 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டேன். கடை திறந்தாகிவிட்டது. காலையில் ஒரு கல்யாண மாலை கட்டினேன், முதல் இரண்டு முடிச்சையும் வெட்டிவிட்டு மறுபடி போட்டேன், பிறகு சரியாகிவிட்டது. உன் கால் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை உன் மேல் அப்படி ஒரு கோபம். ஒரு முழக் கயிற்றுக்காக உயிரை விடப் பார்த்திருக்கிறாயே, உனக்கு அறிவு இருக்கிறதா என்று சத்தமாகவே கேட்டேன். பூட்டிய கடை வாசலில் போய்க்கொண்டிருந்தவர் பயந்துவிட்டார். இரண்டாவது தடவை அழுதேன். சீதா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. இதுல யார் பெரிய பைத்தியம்னு எனக்குத் தெரியல," என்றாள்.

'பறக்க வேண்டாம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதியும் விட்டேன். பிறகு உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை என்று அழுதேன் என எழுதியிருந்தாய். அந்த வேனில் எத்தனை தடவை நானும் உட்கார்ந்து வந்திருக்கிறேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு ஓட்டியது எனக்குச் சுகமாக இருந்தது. உனக்கு எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

கோவிலுக்குப் போய் இன்னொரு கற்பூரம் ஏற்றி, "தப்பா சத்தியம் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோ," என்று சாமியிடம் சொல்லிவிட்டு வந்தேன். "அப்ப இப்பவே போன் போடுங்க," என்று சீதா நம்பரை அழுத்தி நீட்டினாள். வாங்கி நிறுத்திவிட்டேன். என் முதல் பேச்சுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

தீபாவளி கழிந்த ஞாயிறு உன் காலுக்கு டாக்டர் சரி என்றால் நானும் குன்றுக்கு வருகிறேன். மாலை கொண்டுவர மாட்டேன், கயிறு கொண்டுவர மாட்டேன், எதையும் தொட மாட்டேன். அமானுல்லா கேட்க வேண்டியதை அவர் கேட்கட்டும். ரிசர்வை மட்டும் நான் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். நீ எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஓடத் தயாராக நிற்கும்போது உனக்கு நேர் எதிரில் வந்து நின்று, வாயைத் திறந்து, "ரிசர்வ் ஓக்கேயா அக்கா?" என்று கேட்பேன்.

நீ பதில் சொல்ல வேண்டாம். கையை எடு, நான் பார்க்கிறேன்.

உன் தம்பி
சுகு